மூன்றாவது பின்னை உடைக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்றவளுக்கு நேரம் இருக்கிறது. உங்களுக்கு இருக்கிறதோ இல்லையோ. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வந்த மின்சாதனம் ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால், அல்லது மேடையேறிப் பாடுகிற பிள்ளை இருந்தால், கடைசி வரை படித்துவிடுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மின்பொறியாளர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டு, வருசநாட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளில் முப்பது வருசத்துக்கு மேல் பாடம் நடத்தியவள். தமிழும் நான்தான், கணக்கும் நான்தான், அறிவியலும் நான்தான். இங்கே எழுதுவதெல்லாம் பள்ளிக்கூட அறிவியல். அந்த அறிவியலில் நான் ஒழுங்காக நடத்தாமல் விட்ட ஒரு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கடந்த பொங்கலுக்கு எங்கள் ஊரில் பிள்ளைகளின் கலைநிகழ்ச்சி. அமெரிக்காவில் வேலை பார்க்கிற என் பழைய மாணவன் ஒருவன் விடுமுறையில் வந்திருந்தான். அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கிடார் வாசித்துக்கொண்டே பாடுவாள். பண்ணைப்புரத்தில் பிறந்தவர் 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்ததிலிருந்து எங்கள் மாவட்டத்தில் கிடார் பிடித்த பிள்ளைக்குத் தனி மரியாதை உண்டு. மாமன்காரன் சும்மா வருவானா? அங்கிருந்து ஒரு கிடார் ஆம்ப்ளிஃபயரைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பழைய காலத்து வால்வு வைத்தது. நல்ல கனம். சத்தம் தேன் மாதிரி இருக்கும் என்றான்.

மைக் செட் போட்டவனும் என் மாணவன்தான். கெட்டிக்காரப் பையன். பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது 120 வோல்ட்டு. நம்ம கரண்ட்டுல நேரா சொருகுனா புகைஞ்சிரும். ஸ்டெப் டவுன் வாங்கியாந்துட்டேன்" என்றான். எனக்கு அவ்வளவு பெருமை. தகட்டைப் படிக்கிற பையன்!

அவன் சொன்னது சரிதான். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அதிலும் ஒரே நாட்டுக்குள் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. நூற்றுச் சொச்சம் வருசத்துக்கு முன்னால் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்தும் ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதால் வந்த வினை. சவூதியில் நெடுங்காலமாக 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் கலந்து புழங்கின, அங்கே 60 ஹெர்ட்ஸ். அங்கிருந்து மிக்சியும் அயர்ன்பாக்ஸும் கொண்டுவந்து ஏமாந்த குடும்பங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பதில்லை. எடிசன் காலத்து பல்புக்கு 110 வோல்ட் பக்கம் தோதாக இருந்தது. அமெரிக்கா அதை ஒட்டியே வளர்ந்தது. ஐரோப்பாவில் பிறகு இரட்டிப்பாக்கினார்கள். அதே திறனை இரட்டை வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் பாதியாகும், கம்பி மெலிதாக இருந்தால் போதும், செம்பு மிச்சம். வெள்ளைக்காரன் வழியாக நமக்கு வந்தது அந்த வகை. லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இறங்கிச் சுழற்றுகிற டர்பைனும், கண்டமனூர்ப் பக்கம் சுற்றுகிற காற்றாலையும், நெய்வேலி அனல்மின் நிலையமும் எல்லாம் ஒரே தாளத்துக்கு, விநாடிக்கு 50 சுற்று அலை என்று கட்டுப்பட்டுத்தான் மின்சாரம் தருகின்றன.

120 வோல்ட் பெட்டியை 230இல் நேராகச் சொருகினால் என்ன ஆகும்? வோல்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சூடு இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய நாலு மடங்கு. எட்டாம் வகுப்புக் கணக்கு. வால்வுக்குள் சிவந்து எரிகிற இழைக்கு 6.3 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போகும். மின்தேக்கிகள் வெடிக்கும். கொடுப்பினை இருந்தால் ஃபியூஸ் முதலில் போகும்.

"என் செல்போன் சார்ஜரை எல்லா நாட்டுலயும் சொருகுறேனே, ஒண்ணும் ஆகலையே" என்று சிலர் கேட்பார்கள். அந்த சார்ஜரின் தகட்டில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். அது எந்த ஊர்ச் சோறும் தின்னும் பிள்ளை. அதற்குப் பின்னின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். ஆனால் அந்தப் பத்து ரூபாய் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பாதிச் சாதனங்கள் எரிகின்றன.

சில ஆம்ப்ளிஃபயர்களின் முதுகில் 115/230 என்று ஒரு மாற்றுக் குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் வேலை முடிந்தது. ஃபியூஸை மட்டும் அந்த வோல்ட்டுக்குச் சொன்ன அளவில் மாற்ற வேண்டும். எங்கள் காலத்து வால்வு ரேடியோக்களின் பின்னாலும் இப்படி வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு உண்டு. அது இல்லாத பெட்டிக்குத்தான் ஸ்டெப் டவுன். அதிலும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, வாட். ஐம்பது வாட் ஆம்ப்ளிஃபயர் என்றால் ஐம்பது வாட் சத்தம் தரும் என்று பொருள். மின்சாரம் அதைவிட நிறையத் தின்னும். எங்கள் ஊருக்கு வந்த பெட்டியின் தகட்டில் 180 வாட் என்று இருந்தது. அதற்கு 300 வாட்டுக்குக் குறையாத ஸ்டெப் டவுன் வேண்டும். விலை குறைவு என்று 100 வாட் பெட்டியை வாங்கினால் கை வைக்க முடியாத சூடு வரும். பயணத்துக்கென்று விற்கிற கைக்கடக்கமான கன்வெர்ட்டர் சிலது, மின் அலையை நறுக்கிக் கொடுப்பவை. ஹேர் டிரையருக்கு ஆகும், ஆம்ப்ளிஃபயருக்கு ஆகாது.

இரண்டு, ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60க்கென்றே செய்த டிரான்ஸ்பார்மர் 50இல் ஓடினால் அதன் இரும்புக்குக் காந்தப் பளு ஐந்தில் ஒரு பங்கு கூடும். முனகும், சூடாகும். தகட்டில் 50/60 என்று இருந்தால் கவலையில்லை. 60 மட்டும் இருந்தால் அரைமணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து ஓய்வு கொடுக்க வேண்டும். அடிக்கடி பயன்படுத்துவதாக இருந்தால் 230க்கான டிரான்ஸ்பார்மரை உள்ளே மாற்றிவிடுவதே நல்லது.

மூன்று, நம்ம ஊர் கரண்ட். சட்டப்படி 230இலிருந்து நூற்றுக்கு ஆறு கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. சட்டம் மலையேறி வருமா? தோட்டத்து மோட்டார் எல்லாம் ஓடுகிற நேரத்தில் எங்கள் வீட்டில் மீட்டர் 180 காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். நடுச்சாமத்தில் 250. ஸ்டெப் டவுன் என்பது வகுத்தல் கணக்கு மட்டும்தான். பாதியாக்குகிற பெட்டி 230ஐ 115 ஆக்கும். 180 வந்தால் 90தான் தரும், 250 வந்தால் 125 தரும். ஆகவே முதலில் ஸ்டெபிலைசர், அதற்குப் பிறகு ஸ்டெப் டவுன். வரிசை முக்கியம்.

இவ்வளவையும் அந்தப் பையன் ஓரளவு சரியாகவே செய்திருந்தான். 500 வாட் ஸ்டெப் டவுன், முன்னால் ஸ்டெபிலைசர். பெட்டி பாடியது. சத்தம் உண்மையிலேயே தேன்தான்.

சாயங்காலம் ஒத்திகை. முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை கிடாரை மாட்டிக்கொண்டு மைக் பக்கம் குனிந்தவள், வெடுக்கென்று பின்வாங்கினாள். மறுபடி குனிந்தாள், மறுபடி பின்வாங்கினாள்.

"என்னம்மா?"

"மைக்குல உதடு பட்டா சுள்ளுங்குது டீச்சர்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "லேசா ஷாக்கு இருக்கும் பாப்பா, பழகிரும்" என்றார் ஒருவர். "மைக்கைத் தொடாமப் பாடு" என்றார் இன்னொருவர். மைக் மேல் கைக்குட்டையைச் சுற்றிக் கட்ட ஓடினான் ஒரு பையன்.

நான் எழுந்து மேடைக்குப் போய், கிடாரைக் கழற்றிக் கீழே வை என்றேன். மைக் செட்காரன் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை வாங்கி, ஆம்ப்ளிஃபயரில் செருகியிருந்தபடியே கிடார்க் கம்பியில் வைத்தேன். டெஸ்டர் மினுக்கென்று எரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"பிளக்கைக் காட்டுடா தம்பி" என்றேன். காட்டினான். அமெரிக்க பிளக்கில் இரண்டு தட்டைப் பின்களும் கீழே ஓர் உருண்டைப் பின்னும் இருக்கும். அந்த உருண்டைப் பின்னைக் காணோம். குறடால் உடைத்திருந்தான்.

"ஏன்டா உடைச்ச?"

"ஸ்டெப் டவுன்ல ரெண்டு ஓட்டைதான் டீச்சர் இருக்கு. அது இடிச்சுச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "நீங்கதான டீச்சர் சொன்னீங்க, ரெண்டு பின்னுலதான் கரண்ட்டு போகும் வரும், மூணாவது சும்மா பாதுகாப்புக்குன்னு."

சும்மா பாதுகாப்புக்கு. அந்தச் 'சும்மா'வை நான் சொன்னேனா, அவனாகச் சேர்த்துக்கொண்டானா, தெரியவில்லை. ஆனால் மூன்றாவது பின்னைப் பற்றி வகுப்பில் நான் ஒரு வரிக்கு மேல் சொன்னதில்லை என்பது எனக்குத் தெரியும். வோல்ட்டுக்கு இரண்டு நாள் நடத்தினேன். ஓமின் விதிக்கு மூன்று நாள், கணக்கோடு. எர்த்துக்கு ஒரு வரி. பரீட்சையில் அதற்கு ஒரு மதிப்பெண்கூட வராது.

அந்த மேடையில் என்ன நடந்தது என்று விளக்குகிறேன். கிடாரின் கம்பிகள் அதன் வயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் இரும்புக் கூட்டோடு சேர்ந்திருக்கும். அந்தக் கூட்டை நிலத்தோடு பிணைப்பதுதான் மூன்றாவது பின்னின் வேலை. அதை உடைத்தால் கூடு அந்தரத்தில் நிற்கும். உள்ளேயிருக்கிற சுருளிலிருந்தும் மின்தேக்கிகளிலிருந்தும் கொஞ்சம் மின்சாரம் கசிந்து கூட்டில் ஏறும், அங்கிருந்து கம்பிக்கு வரும். மைக்கோ, நல்ல எர்த்தோடு இருந்தது. ஏனென்றால் மைக் செட்காரன் மேடைக்குப் பின்னால் கம்பி அடித்துத் தன் செட்டுக்கு எர்த் கொடுத்திருந்தான். எதற்கு? குழாயில் 'உம்ம்ம்' என்ற இரைச்சல் வராமல் இருக்க! ஆக, பிள்ளையின் விரலில் மின்சாரம், உதட்டில் நிலம். நடுவில் பாலமாக அந்தப் பெண்.

"சத்தம் சுத்தமா இருக்கணும்னு எர்த் அடிச்சிருக்க. பாடுற பிள்ளைக்கு?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. கண் கலங்கிவிட்டான். அவனுக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள்.

"சுள்ளுன்னு இருந்ததுதானே, அதுக்குப் போய் இவ்வளவா?" என்று அன்று ராத்திரியே என் வீட்டுக்காரர் கேட்டார். ஒரு மில்லி ஆம்பியர் உடம்பில் போனால் சுள்ளென்று தெரியும். பத்து, பதினைந்து போனால் தசை இறுகிப் பிடித்த கையை விட முடியாது. அதற்கும் மேலே போய்ச் சில விநாடி நீடித்தால் நெஞ்சின் தாளம் தப்பிவிடும். சுள்ளென்றதற்கும் சாவுக்கும் நடுவில் இருப்பது, உள்ளே ஒரு பழைய வயரின் மேல்தோல் உரிவது மட்டும்தான். வியர்த்த கை, ஈர உதடு என்றால் இன்னும் சுருக்கு வழி.

இன்னொன்றும் உண்டு. சந்தையில் கிடைக்கிற ஸ்டெப் டவுன்களில் பல ஒற்றைச் சுருள் வகை. உள்ளே வருகிற கம்பி ஒன்று அப்படியே வெளியேயும் போகும். சுவிட்ச் போர்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், வெளியே வருவது 115 என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அதன் ஒரு முனை நிலத்துக்கு எதிராக முழு 230இல் நிற்கும். இரட்டைச் சுருள் வகையில் இரண்டு பக்கத்துக்கும் கம்பித் தொடர்பு கிடையாது. விலை கூட, கனம் கூட. கேட்டு வாங்குங்கள்.

நான் மிகைப்படுத்தவில்லை. 1972 மே மாதம், பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், 'ஸ்டோன் தி குரோஸ்' என்ற குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி, கூட்டத்தின் கண்ணெதிரே மேடையிலேயே இறந்துபோனார். தொழில்முறைக் குழு, பெரிய அரங்கு, முன்னேறிய நாடு. அங்கேயே அப்படி. நம் ஊர்த் திருவிழா மேடையில் தென்னங்கீற்றுப் பந்தலும், ஈர மண்ணும், முறுக்கி ஒட்டுப்போட்ட வயரும்.

அன்றைக்கு நிகழ்ச்சி நிற்கவில்லை. அமெரிக்கப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டோம். கிடாருக்கு முன்னால் இன்னொரு மைக்கை வைத்துப் பிள்ளை பாடினாள். மாமன்காரனுக்கு முகம் வாடிப்போனது. கடல் தாண்டிக் கொண்டுவந்த பெட்டி. "ஸ்டெப் டவுன்தான் போட்டிருக்கே டீச்சர், பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையே" என்று இரண்டு தடவை சொன்னான். ஆமாம், பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் கருத்து இங்கேதான் இருக்கிறது. வோல்ட்டைச் சரிசெய்தால் பெட்டி பிழைக்கும். எர்த்தைச் சரிசெய்தால்தான் ஆள் பிழைப்பார். நாம் எல்லோரும் முதலாவதற்குப் பணம் செலவழிக்கிறோம். ஏனென்றால் பெட்டி எரிந்தால் காசு நட்டம், உடனே தெரியும். இரண்டாவதை உடைத்துக் குப்பையில் போடுகிறோம். ஏனென்றால் அது இல்லாமலும் பெட்டி ஓடும். ஓடுகிறது என்பதையே சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

இது வெளிநாட்டுப் பெட்டிக்கு மட்டும் சொல்வதில்லை. கிரைண்டர், வாஷிங் மெஷின், ஹீட்டர், தோட்டத்து மோட்டார் எல்லாவற்றுக்கும்தான். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டி ஓட்டாத வீடு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்? சுவரில் மூன்று ஓட்டை தெரியும். மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. அந்த ஓட்டை கண்துடைப்பு.

"அப்படின்னா ஊர்ல பாதிப் பேரு போயிருக்கணுமே" என்பார்கள். போகாததற்குக் காரணம் காய்ந்த தரை, ரப்பர் செருப்பு, அதிர்ஷ்டம். மழைக்காலத்தில் இவை மூன்றும் ஒன்றாகக் கைவிடும்.

இன்னொரு கட்சி, "எதுக்கு வெளிநாட்டுச் சாமான், இங்கேயே வாங்க வேண்டியதுதானே" என்கிறது. புதிதாக வாங்குவதென்றால் நானும் அதையே சொல்வேன். நம் ஊர் 230க்கென்றே செய்தது கிடைக்கும்போது எதற்கு வம்பு? ஆனால் மாமன் ஆசையாகக் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒழுங்காகச் செய்தால் அதுவும் நன்றாகப் பாடும்.

மறுவாரம் ஒழுங்காகச் செய்தோம். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். உடைந்த பிளக்கை வெட்டிவிட்டு மூன்று வயருக்கும் புது பிளக் போட்டார். மூன்று ஓட்டையும், எர்த் உள்ளே நுழைந்து வெளியே வருகிற இரட்டைச் சுருள் ஸ்டெப் டவுன் வாங்கினோம். சமுதாயக் கூடத்தில் எர்த் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். "டீச்சர், இது பாறை மண்ணு, கோடையில காஞ்சிரும், எர்த்தை மட்டும் நம்பக் கூடாது" என்று அவர் சொன்னபடி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போர்டில் மாட்டினோம். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இல்லையென்றால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. அதன் முகத்தில் சோதனைப் பொத்தான் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எல்லாம் முடிந்தபின் டெஸ்டரைக் கிடார்க் கம்பியில் வைத்தோம், எரியவில்லை. ஆனால் டெஸ்டர் எரியாததை மட்டும் வைத்து எர்த் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். தெரிந்தவரைக் கூப்பிட்டு அளந்து பாருங்கள்.

ஆசிரியர்களாக இருக்கிற என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மின்சாரப் பாடம் வரும்போது ஒரு பழைய மூணு பின் பிளக்கை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். திருகைக் கழற்றி, பச்சை வயர் எங்கே போகிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் தொட்டுப் பார்க்கட்டும். எர்த் பின் மட்டும் ஏன் நீளமாக, தடிமனாக இருக்கிறது என்று கேளுங்கள். முதலில் சேருவதும் கடைசியில் பிரிவதும் அதுதான் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு வீட்டுப்பாடம்: வீட்டில் உள்ள ஐந்து சாதனங்களின் தகட்டைப் படித்து வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் எழுதி வரச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதும். நான் அந்த ஒரு பாடவேளையை மிச்சம் பிடித்தேன். அதன் விலை என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு மேடையில் பார்த்தேன்.

மைக் செட் வைத்திருக்கிற தம்பிகளுக்கு ஒன்று. பாடுகிறவர் "சுள்ளுங்குது" என்று சொன்னால் கைக்குட்டையைச் சுற்றாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, எங்கே எர்த் விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள்.

சித்திரைத் திருவிழாவில் பிள்ளை அந்தப் பெட்டியிலேயே வாசித்தாள். மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூன்று பாட்டுப் பாடினாள். மைக் செட்காரன் அந்த உடைந்த உருண்டைப் பின்னை இன்னும் தன் டூல்ஸ் பெட்டியில் வைத்திருக்கிறான். எதற்குடா என்று கேட்டேன்.

"என்கிட்ட வேலை பழக வர்ற பயலுகளுக்கு முதல் பாடம் இதுதான் டீச்சர்" என்றான்.

நான் நடத்தாமல் விட்டதை அவன் நடத்துகிறான். பகிர வேண்டும் என்று தோன்றினால் பகிருங்கள். அதற்கு முன்னால் எழுந்து போய், உங்கள் வீட்டு கிரைண்டர் பிளக்கில் எத்தனை பின் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.